மூன்றாவது தட்டு

வீட்டில் எல்லாரும் அவரைச் சின்னவர் என்றுதான் கூப்பிட்டார்கள். எல்லாரும் என்றால் இப்போது அக்கா ஒருத்திதான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தப் பெயரைச் சொல்ல ஓர் ஆள், கேட்டுத் திரும்பிப் பார்க்க ஓர் ஆள் என்று வீடு சுருங்கிவிட்டது. சின்னவருக்குக் காதோரம் நரைத்தாயிற்று. ஆனால் பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு. குளிக்க, உடுத்த, தெருவைக் கடக்க எப்போதும் ஒரு துணை வேண்டும். பேச்சு என்று பார்த்தால் 'க்கா' என்ற ஒரே ஒரு சத்தம். பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், ஜன்னலில் பூனை வந்து உட்கார்ந்தாலும் அதுதான். எது எந்த 'க்கா' என்று பிரித்துச் சொல்ல உலகத்திலேயே தன் ஒருத்தியால்தான் முடியும் என்று அக்கா நம்பினாள். அந்த நம்பிக்கையை யாராவது தொட்டால் அவளுக்குக் கோபம் வரும்.

அக்காவுக்குத் தையல் தொழில். வீட்டின் முன்னறைதான் கடை. தெருப்பக்கம் ஒரு கதவு, துணி கொண்டு வருகிறவர்களுக்கு. உள்பக்கம் கூடத்துக்கு ஒரு கதவு. அந்த உள்கதவின் மேல்பாதி கண்ணாடி. அளவு பார்க்க வருகிற பெண்கள் உடை மாற்றுகிற இடம் என்பதால் கண்ணாடி முழுக்கப் பழுப்புக் காகிதத்தை ஒட்டி மறைத்திருந்தாள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பேச்சு இரண்டொரு முறை வாசல்வரை வந்தது, சின்னவரைப் பார்த்தது, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டது. அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. எத்தனை நாளைக்கு என்று கேட்டால், தைக்க வேண்டிய துணி மேஜையில் குவிகிறவரைக்கும்.

பகலில் சின்னவர் மையத்துக்குப் போவார். அவரைப் போன்ற பெரியவர்களுக்கென்றே நடக்கிற பகல்நேர மையம். அங்கே காகித உறை ஒட்டுவார்கள், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், பாட்டுக் கேட்பார்கள், மதியச் சாப்பாடும் அங்கேயே. காலையில் மையத்து வேன் வந்து அழைத்துக்கொண்டு போகும். அந்த வேன் டிரைவருக்கு அக்கா வைத்த பெயர் ஹாரன். மனிதர் தெருமுனையிலிருந்தே ஹாரனை அழுத்தத் தொடங்கினால் வீட்டு வாசலில்தான் கையை எடுப்பார். சீக்கிரம் வந்தால் அது ஒரு சண்டை, தாமதமாக வந்தால் அது ஒரு சண்டை. "காது கேக்காதவங்க வீடுன்னு நெனச்சீங்களா?" என்று அக்கா எகிறுவாள். "நீங்க கேக்குறீங்கன்னு தெரியுதுக்கா, சின்னவர் கேக்கணுமே" என்று அவர் பல்லைக் காட்டுவார். சின்னவரோ ஹாரன் சத்தத்தைக் கேட்டதும் முகமெல்லாம் சிரிப்பாகப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அது வேறு அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காலையும் இரவும் சாப்பாடு வீட்டில். வீட்டில் அக்காதான் ஊட்டிவிடுவாள். சிறு வயதில் அம்மா ஊட்டினாள், அம்மா போன பிறகு அந்தக் கரண்டி அக்கா கைக்கு வந்தது, அவ்வளவுதான். அதில் முதல் வாய் இருக்கிறதே, அது தினமும் ஒரு போர். சின்னவர் வாயை இறுக்கிக்கொள்வார். முகத்தைத் திருப்பி அடுப்படியைப் பார்ப்பார், அக்கா கையைப் பார்ப்பார், மறுபடியும் அடுப்படியைப் பார்ப்பார். தட்டில் போட்டுக் கொண்டுவந்தால் வெடுக்கென்று பிடுங்கிக் கவிழ்த்துவிடுவார். தரையெல்லாம் சாப்பாடு. அதனால் தட்டுகளையெல்லாம் மேல் அலமாரிக்கு ஏற்றிவிட்டு, அடிகனமான ஒரு கிண்ணத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு ஊட்டப் பழகியிருந்தாள். பாட்டுப் பாடுவாள், பூனையைக் காட்டுவாள், கெஞ்சுவாள், மிரட்டுவாள். எப்படியோ முதல் வாய் உள்ளே போய்விட்டால் சின்னவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மீதியை வாங்கிக்கொள்வார். அவர் முடித்த பிறகு, அக்கா அடுப்புப் பக்கத்தில் நின்றபடியே பாத்திரத்தில் மிஞ்சியதை வழித்துப் போட்டுக்கொண்டு கழுவி வைத்துவிடுவாள்.

மையத்தை நடத்துகிற மேடம் ஒரு தடவை பெற்றோர் கூட்டத்தில் சொன்னார், "உங்க தம்பி இங்க தானாவே அழகா சாப்பிடுறாரே." அக்கா தலையாட்டி வைத்தாள். வீட்டு ஆட்களைச் சந்தோஷப்படுத்த இந்த மாதிரி இடங்களில் எதையாவது சொல்லத்தான் செய்வார்கள் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டாள்.

அப்புறம் அந்த நோய் வந்தது. உலகமே கதவைச் சாத்திக்கொண்டபோது மையமும் சாத்திக்கொண்டது. மற்றவர்களுக்குத் தொலைக்காட்சி பார்த்தால் காரணம் புரிந்தது. சின்னவருக்கு யார் புரியவைப்பது? காலையில் பையை மாட்டிக்கொண்டு, இரண்டு காலிலும் ஷூவைப் போட்டுக்கொண்டு, வாசற்கதவைப் பார்த்து உட்காருவார். மதியம்வரை உட்காருவார். அக்கா பள்ளிச் சீருடைத் துணிகளை வெட்டி முகக்கவசம் தைத்துக்கொண்டே அவரைப் பார்ப்பாள். வாரத்துக்கு ஒரு தடவை ஹாரன் வேனை எடுத்துக்கொண்டு வீடுவீடாக வந்து ஒட்டுகிற காகிதமும் பசையும் கொடுத்துவிட்டுப் போவார். தெருவில் நின்று கையை ஆட்டி, ஒரு நீண்ட ஹாரன் அடிப்பார். அந்த மாதங்களில்தான் அக்கா முதல்முதலாக அந்தச் சத்தத்துக்குச் சண்டை போடாமல் இருந்தாள்.

மேடமும் அடிக்கடி போன் செய்வார். "உங்களுக்கு என்ன உதவி வேணும்? தனியா எல்லாத்தையும் இழுத்துப் போட்டுக்காதீங்க. உங்களுக்கு முடியலைன்னா யார் பார்த்துப்பாங்கன்னு யோசிச்சு வெச்சிருக்கீங்களா?"

"எனக்கு ஏன் முடியாம போகுது?" என்பாள் அக்கா.

முடியாமல் போயிற்று. ஒரு நாள் காலை எழுந்தபோது உடம்பு அனலாகக் கொதித்தது. காபியை வாயில் வைத்தால் வெந்நீர்போல் இருந்தது, வாசமும் இல்லை, ருசியும் இல்லை. சோதனை செய்து பார்த்தார்கள். அவளுக்கு இருந்தது, சின்னவருக்கு இல்லை. இல்லை என்று கேட்டதும் அவளுக்கு வந்த நிம்மதி அடுத்த நிமிடமே போய்விட்டது. இல்லாதவரை இருப்பவள் எப்படித் தொடுவது? சித்தப்பா மகனுக்குப் போன் செய்தாள். அவன் ரொம்ப வருத்தப்பட்டான், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான், வைத்துவிட்டான். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் மானத்தை விட்டு மேடத்தைக் கூப்பிட்டாள்.

"ஆள் அனுப்புறேன். அவருக்கு நோய் வந்து குணமாயிடுச்சு, பயமில்லை. சின்னவருக்கும் நல்லாப் பழக்கம்."

"யாரு?"

தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது.

ஹாரன் ஒரு துணிப்பையோடும் ஒரு பாயோடும் வந்து இறங்கினார். அக்கா தையல் அறைக்குள் போய் உள்கதவைத் தாழிட்டுக்கொண்டாள். வெட்டுமேஜைக்குக் கீழே படுக்கையை விரித்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற ஹாரனுக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே பாடம் நடத்தினாள். தொண்டை கட்டியிருந்தாலும் ஒன்றையும் விடவில்லை. எந்தத் துண்டில் துடைப்பது, எந்தச் சட்டையில் பித்தான் உறுத்தும், வலிப்பு வராமல் இருக்க எந்த மாத்திரை எப்போது, அதை ஏன் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும்தான் கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் கொடுத்தால் எப்படி வாந்தியாக வெளியே வந்துவிடும்.

"சாப்பாடு ரொம்ப முக்கியம். கிண்ணத்துல போடுங்க, தட்டு வேண்டாம். தட்டைக் கண்டா கவுத்துடுவான். இடது பக்கமா நின்னு ஊட்டணும். முதல் வாய்க்கு மட்டும் பாடணும்."

"என்ன பாட்டுக்கா?"

அக்கா கதவுக்குப் பின்னால் நின்று இருமிக்கொண்டே பாடிக் காட்டினாள். "இதைக் கேட்டுட்டா அவரு சாப்பிடுறாரு?" என்றார் ஹாரன்.

அன்று மதியம் சின்னவர் சாப்பிடவில்லை. ஹாரன் இடது பக்கம் நின்றார், பாடினார், பூனையைக் காட்டினார், பூனை இல்லாதபோது தானே பூனையாகவும் கத்தினார். சின்னவர் அவரை ஏதோ பாவம் என்பதுபோல் பார்த்துவிட்டு எழுந்து போய், மூடிய கதவின் முன்னால் நின்றார். "க்கா." அக்கா உள்ளே வாயைப் பொத்திக்கொண்டாள். குரல் கொடுத்தால் கதவை உடைத்துவிடுவார் என்று பயம். இரவும் சாப்பிடவில்லை. மறுநாள் காலை அரைத் தம்ளர் பால் உள்ளே போனது. அதோடு கொடுத்த மாத்திரை பாலோடு சேர்ந்தே வெளியே வந்தது.

அக்கா மட்டும் சாப்பிட்டாளா? அதுவும் இல்லை. ஹாரன் தெருப்பக்கத்துக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டுப் போகிற சாப்பாட்டில் இரண்டு வாய் கொறித்துவிட்டுத் திருப்பி வைத்துவிடுவாள். ருசி இல்லாத சோறு தொண்டையில் ஈரப் பஞ்சுபோல் நின்றது.

"நீங்களும் சாப்பிடலையேக்கா."

"என்னை விடுங்க, நான் தாங்குவேன். அவனைப் பாருங்க."

மருத்துவருக்குப் போன் செய்தாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். "மாத்திரை நின்னா வலிப்பு வந்துடும்மா. நாளைக் காலைக்குள்ள சாப்பாடும் மாத்திரையும் உள்ள போகலைன்னா இங்க கூட்டிட்டு வந்துடுங்க. டிரிப்ஸ் போட்டு ஊசி வழியா மருந்து ஏத்தலாம். ஆனா ஒண்ணு, இப்ப வார்டுல துணைக்கு யாரும் நிக்க முடியாது."

"அவனுக்குப் பேச வராது டாக்டர்."

"தெரியும்மா. என் கையில இல்லை."

அக்கா போனை வைத்துவிட்டுத் தையல் இயந்திரத்தின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தலை முதல் கால்வரை மூடிய உடையில், முகம் தெரியாத நாலு பேர் சின்னவரைச் சுற்றி நிற்கிறார்கள். அவர் 'க்கா' என்கிறார். அது வலியா, பசியா, பயமா என்று கேட்க அங்கே யாரும் இல்லை. கையில் குத்திய ஊசியைப் பிடுங்குகிறார், கையைக் கட்டிலோடு கட்டுகிறார்கள். இவ்வளவு வருஷம் அவரை வேறு யார் கையிலும் சாப்பிடப் பழக்காமல் விட்டது யார்? தான்தானே? என்னை விட்டால் அவனுக்கு ஆளில்லை என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தது இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறதே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அழுதாள். மூக்கு அடைத்திருந்ததால் சரியாக அழக்கூட முடியவில்லை.

மேடம் கூப்பிட்டபோது அந்த அழுகையை மறைக்க அவளுக்குத் தெம்பில்லை. எல்லாவற்றையும் கொட்டினாள். மேடம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்க உள்ள இருக்கீங்கன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாம இருந்தா நல்லதுன்னு சத்தமே காட்டல."

"அவரு கதவுகிட்டயே வந்து நிக்கிறாரில்ல? அப்ப தெரியும். தெரிஞ்சும் பதில் வரலைன்னா எப்படி இருக்கும்? ஒளிஞ்சுக்காதீங்க. குரல் கொடுங்க, முடிஞ்சா முகத்தைக் காட்டுங்க."

"பார்த்தா உடைச்சுக்கிட்டு வந்துடுவான் மேடம். உங்களுக்கு அவனைப் பத்தி என்ன தெரியும்?" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேடம் கோபித்துக்கொள்ளவில்லை. ஹாரனிடம் ஒரு தடவை பேசிப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

மதியம் ஆயிற்று. கூடத்தில் ஹாரன் சாப்பாடு எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. கூடவே அவர் சிரிக்கிற சத்தமும் கேட்டது. அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"இங்க உயிர் போகுது, அங்க என்ன சிரிப்பு?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. உங்க தம்பி நேத்துல இருந்து ஒரு வேலை பண்றாரு. சாப்பாட்டு நேரம் ஆனா ஸ்டூல் போட்டு ஏறி, மேல் அலமாரியில இருந்து தட்டுகளை எடுத்து மேஜையில வெக்கிறாரு. மூணு தட்டு. ஆள் ரெண்டு பேர்தானேன்னு நான் ஒண்ணை எடுத்து உள்ள வெச்சா, போய்த் திரும்ப எடுத்துட்டு வந்துடுறாரு. எனக்கு ரெண்டு தட்டு சாப்பாடு வேணும்னு என் தொப்பையைப் பார்த்துக் கண்டுபிடிச்சிட்டாரு போல."

"ஸ்டூல் மேல ஏத்தி விட்டீங்களா? விழுந்தா?"

"நான் பிடிச்சுக்கிட்டுத்தான்க்கா நின்னேன்."

அக்கா திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே நிறுத்தினாள். தட்டு எடுத்து வைக்கிறாரா? தட்டைக் கண்டாலே பிடுங்கிக் கவிழ்க்கிறவரா?

"எப்படி வெக்கிறான்?"

"எப்படின்னா? கவுத்துத்தான். மையத்துல வெக்கிற மாதிரி."

"மையத்துல எப்படி வெப்பாங்க?"

கதவுக்கு அந்தப் பக்கம் ஹாரன் வியந்துபோனது அவர் குரலில் தெரிந்தது. "உங்களுக்குத் தெரியாதாக்கா? நான் வேன்லயே உட்கார்ந்து சாப்பிடுறவன், எனக்கே தெரியும். மதியம் ஆனா வெளிய வரைக்கும் டமார்னு ஒரு சத்தம் கேக்கும். எல்லாத் தட்டும் கவுந்தே இருக்கும். கடைசி ஆள் வந்து உட்கார்ற வரைக்கும் யாரும் தொட மாட்டாங்க. கை கழுவ ஒருத்தர் லேட் பண்ணாலும் அத்தனை பேரும் காத்துக்கிட்டு இருப்பாங்க. எல்லாரும் உட்கார்ந்த பிறகு ஒண்ணாத் திருப்புவாங்க. அப்புறம்தான் பரிமாறுறது. தட்டு வெக்கிற வேலையே சின்னவரோடதுதானே, எத்தனையோ வருஷமா."

அக்கா கதவில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"இப்ப நீங்க ரெண்டு பேரும் உட்கார்ந்திருக்கீங்க."

"ஆமா."

"மூணாவது தட்டு எங்க இருக்கு?"

"மேஜைக்கு இந்தக் கடைசியில. உங்க கதவுப் பக்கமா."

அக்கா பழுப்புக் காகிதத்தின் ஓரத்தை நகத்தால் கீறினாள். பல வருஷப் பசை, லேசில் விடவில்லை. துணி வெட்டுகிற கத்திரியால் சுரண்டி, பிடித்து இழுத்தாள். காகிதம் கீழ்வரை கிழிந்து கையோடு வந்தது. கூடத்து வெளிச்சம் அறைக்குள் விழுந்தது.

மேஜை தெரிந்தது. அதன்மேல் மூன்று தட்டுகள் கவிழ்ந்திருந்தன. ஒன்றின் பின்னால் ஹாரன் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றின் பின்னால் சின்னவர், முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. மூன்றாவது தட்டின் முன்னால் ஒரு காலி நாற்காலி, ஆள் உட்கார வசதியாகக் கொஞ்சம் பின்னால் இழுத்து வைத்திருந்தது.

சின்னவர் கண்ணாடியில் அக்காவைப் பார்த்தார். கதவை உடைக்க ஓடி வரவில்லை. அழவில்லை. "க்கா" என்றார், வேன் வந்துவிட்டது என்பதற்குச் சொல்கிற அதே சந்தோஷத்தோடு. பிறகு கையை நீட்டிக் காலி நாற்காலியைத் தட்டிக் காட்டினார்.

அக்காவுக்கு நின்ற இடத்திலேயே எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. தினமும் முதல் வாய்க்கு நடந்த போர். வாயை இறுக்கிக்கொண்டு அவர் ஏன் அடுப்படியைப் பார்த்தார், ஏன் அவள் கையைப் பார்த்தார், ஏன் மறுபடியும் அடுப்படியைப் பார்த்தார். தேடியிருக்கிறார். அக்காவின் தட்டு எங்கே என்று தேடியிருக்கிறார். இன்னொரு ஆள் வரவில்லையே, அதற்குள் சாப்பாடு போட்டாயிற்றே என்று தட்டைக் கவிழ்த்திருக்கிறார். அதைப் பிடிவாதம் என்று நினைத்து அவள் பாட்டுப் பாடியிருக்கிறாள். பெருமூச்சு விட்டுவிட்டு அவர் வாயைத் திறந்தது தோற்றுப்போய். எத்தனை வேளை! அந்த வீட்டில் தனக்கென்று ஒரு தட்டு இருந்ததே இல்லை என்பது அவளுக்கே இப்போதுதான் உறைத்தது. கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அவள் விம்மினாள். இந்தத் தடவை அழுகை சரியாக வந்தது.

"அக்கா, என்ன பண்றதுன்னு சொல்லுங்க. எனக்குப் பயமா இருக்கு" என்றார் ஹாரன்.

"மேஜையை இழுங்க. கதவோட ஒட்டிப் போடுங்க."

அந்தப் பக்கம் ஹாரனும் சின்னவருமாகச் சாப்பாட்டு மேஜையைத் தள்ளிக் கண்ணாடிக் கதவோடு சேர்த்தார்கள். இந்தப் பக்கம் அக்கா வெட்டுமேஜையை இழுத்தாள். காய்ச்சலில் கால் துவண்டது, மேஜை ஒவ்வொரு அங்குலமாகத்தான் நகர்ந்தது. ஹாரன் உதவிக்கு வரவா என்று பதறினார். வேண்டாம் என்றாள். கண்ணாடிக்கு இருபுறமும் இரண்டு மேஜைகளும் முட்டிக்கொண்டு, நடுவில் கதவு இருக்கிற ஒரே நீள மேஜையாக ஆயிற்று. மூடிய கதவு மூடியபடியே இருந்தது.

மூன்றாவது தட்டையும் அவளுடைய சாப்பாட்டையும் தெருப்பக்கமாகச் சுற்றி வந்து அந்த வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார் ஹாரன். சின்னவர் தட்டுப் போன திசையையே கவலையோடு பார்த்தார். அது அக்காவின் கையில் கண்ணாடிக்குப் பின்னால் மறுபடி தோன்றியதும் நிம்மதியானார். அக்கா அதைத் தன் பக்கத்து மேஜையில் கவிழ்த்து வைத்தாள். நாற்காலி கிடையாது, தையல் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

சின்னவர் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ஹாரன், அக்கா, தான். யாரும் குறையவில்லை. தன் தட்டின் விளிம்பைப் பிடித்தார். ஹாரனும் பிடித்தார், அக்காவும் பிடித்தாள். டமார் என்று மூன்று தட்டும் ஒன்றாகத் திரும்பின.

ஹாரன் பரிமாறினார். கரண்டியைச் சின்னவரின் கையில் கொடுக்கலாமா, ஊட்டலாமா என்று அக்காவைப் பார்த்தார். சின்னவர் அந்தக் கேள்விக்கெல்லாம் காத்திருக்கவில்லை. கரண்டியைத் தானே எடுத்தார். ஆனால் சாப்பாட்டில் வைக்கவில்லை. அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஒரு வாய் எடுத்துப் போட்டாள். வாயில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. மென்றாள், கஷ்டப்பட்டு விழுங்கினாள். அதன் பிறகுதான் சின்னவரின் கரண்டி தட்டுக்குள் இறங்கியது. மெதுவாக, சிந்தாமல், ஓரத்திலிருந்து ஒதுக்கி எடுத்து, வாயில் வைத்தார். தாடையில் ஒட்டியதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். பாட்டு இல்லை, பூனை இல்லை. எவ்வளவு நேர்த்தியாகச் சாப்பிடுகிறார் என்று அக்கா அப்படியே பார்த்தாள். பெருமையாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. இத்தனை வருஷம் இதை ஊரார் பார்க்க, கூடப் பிறந்தவள் பார்க்கவில்லையே என்று பொறாமையாகக்கூட இருந்தது.

அவள் பார்த்துக்கொண்டே கையை நிறுத்திவிட்டாள். சின்னவரும் நிறுத்தினார்.

"சாப்பிடுடா" என்றாள் கண்ணாடி வழியாக.

"க்கா" என்றார் சின்னவர், அவள் தட்டைப் பார்த்து.

"அவரு சொல்றதும் அதேதான்" என்றார் ஹாரன். "இங்க யாரு யாருக்கு ஊட்டுறாங்கன்னே எனக்குத் தெரியல."

அக்கா சாப்பிட்டாள். அவள் ஒரு வாய், அவர் ஒரு வாய். தொண்டை மறுத்தது, குமட்டியது, தண்ணீரைக் குடித்துத் தள்ளினாள். தம்பிக்காக என்றுதான் தள்ளினாள். தட்டு காலியானபோதுதான், காய்ச்சல் வந்த பிறகு தன் வயிற்றுக்குள் உருப்படியாக ஏதோ போனது இதுதான் என்று நினைவு வந்தது. ஹாரன் மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். சின்னவர் வாங்கி விழுங்கினார். மூன்று பேரும் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். மாத்திரை உள்ளேயே தங்கியது. மருத்துவருக்குப் போன் செய்து, கூட்டிக்கொண்டு வரவில்லை என்று அக்கா சொன்னபோது அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, ரொம்ப நல்லது என்றார்.

அன்றிலிருந்து அவள் குணமாகிறவரை எல்லா வேளையும் அப்படியே நடந்தது. கிழிந்த காகிதத்தின் பிசிறுகள் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தன. தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஒருத்தி ஒரு கதவோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்றுதான் தெரிந்திருக்கும். மேடம் ஒருநாள் போனில் விசாரித்தபோது, அக்கா எப்போதும் சொல்கிற நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்பதைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள். "நான் போன பிறகு அவன் யார்கூட இருப்பான்னு பேசணும் மேடம். மையம் திறந்ததும் வரேன். இப்ப பேச முடியுது" என்றாள்.

சோதனையில் நோய் இல்லை என்று வந்த அன்று ஹாரன் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். அக்கா வாசல்வரை வந்தாள். நன்றி என்று அந்த மனிதரிடம் சொன்னால் அவருக்கும் சிரிப்பு வரும், அவளுக்கும் சிரிப்பு வரும்.

"போகும்போது ஹாரன் அடிச்சுட்டுப் போங்க. அவன் கேக்கணும்" என்றாள்.

அவர் தெருமுனைவரை அடித்துக்கொண்டே போனார். எதிர்வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்து திட்டினார்கள்.

அன்று மாலை அக்கா பல நாட்களுக்குப் பிறகு அடுப்படியில் நின்று சமைத்தாள். சமைத்து முடித்ததும், யோசிக்காமலே கை போய் அந்த அடிகனமான கிண்ணத்தை எடுத்தது. சோற்றைப் போட்டுப் பிசையத் தொடங்கினாள். பின்னால் கூடத்தில் ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்டது. பதறித் திரும்பினாள். ஸ்டூல் வேண்டியிருக்கவில்லை, தட்டுகளை ஹாரன் எப்போதோ கீழ் அலமாரிக்கு இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். சின்னவர் அந்த ஸ்டூலை மேஜைக்கு இழுத்துப் போட்டு அதில் தான் உட்கார்ந்திருந்தார். முதுகு சாய்க்கிற நாற்காலியை எதிர்ப்பக்கம், கொஞ்சம் பின்னால் தள்ளி, ஆள் உட்கார வசதியாக வைத்திருந்தார். மேஜைமேல் இரண்டு தட்டுகள் கவிழ்ந்திருந்தன. வேன் போய்விட்டது, இனி இரண்டு பேர்தான் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"க்கா."

அக்கா கிண்ணத்தில் இருந்ததைப் பாத்திரத்திலேயே திருப்பிக் கொட்டினாள். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் மேஜை நடுவில் வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலி இவ்வளவு வசதியாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. இருவரும் தட்டின் விளிம்பைப் பிடித்தார்கள். திருப்பினார்கள்.

முதல் வாயை அவள் எடுத்துப் போடும்வரை சின்னவர் பார்த்துக்கொண்டிருந்தார். மென்றவள் சட்டென்று நிறுத்தினாள். நாக்கில் ஏதோ ருசி தெரிந்தது. இன்னொரு தடவை மென்று பார்த்தாள். சந்தேகமே இல்லை. உப்பு ரொம்பத் தூக்கல்.